மணப்பாட்டிலிருந்து கொழும்பு எவ்வளவு தூரம்?

ஐரோப்பாவிலுள்ள இரண்டு நகரங்களின் பெயரைச் சொல்லி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரமாகும் என்று வினவுவோர் இக்காலத்தில் அநேகர். அதற்கு விடை கூறுவதும் வெகு சுலபம். லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 344 கிலோமீட்டர். விமான அட்டவணைப்படி ஒன்றேகால் மணி நேரம். ஆனால் அவ்விரு நகரங்களுக்கும் இடையே அடிக்கடி பிரயாணம் செய்கிறவர்கள் இந்த விடையை நம்பி மோசம் போவதில்லை. ஊருக்கு வெளியே இருக்கும் விமான நிலையத்துக்குப் போய்ச் சேரும் நேரம், அங்கே வரிசையில் நின்று பையைத் திறந்து காட்டும் நேரம், இறங்கியபின் மீண்டும் நகருக்குள் வரும் நேரம் ஆகியவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து, 1994-இல் திறக்கப்பட்ட கடலடிச் சுரங்கத்தின் வழியாக இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடும் ரயிலே விமானத்தைக் காட்டிலும் விரைவானது என்று அவர்களில் பெரும்பாலோர் தீர்மானித்து வெகு நாளாயிற்று. பிரான்ஸ் தேசத்து அரசாங்கம் இன்னும் ஒருபடி மேலே சென்று, இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடக்கூடிய ஊர்களுக்கு விமானம் விடலாகாது என்று 2023 மே மாதத்தில் சட்டமே செய்துவிட்டது. அந்தச் சட்டத்தின் பலன் பெரிதா சிறிதா என்பது வேறு விஷயம். மூன்று வழித்தடங்களுக்கு மேல் அது தொடவில்லை என்று ஏளனம் செய்பவர்களும் உண்டு. எனினும், ஒரு மனிதன் தன் வீட்டு வாசலை விட்டுப் புறப்பட்டு, போய்ச் சேரவேண்டிய வீட்டு வாசலை மிதிக்கும் வரையில் கழியும் நேரமே பிரயாணத்தின் மெய்யான அளவு என்பதை ஓர் அரசாங்கம் சட்டப் புத்தகத்தில் ஏற்றுக்கொண்டது சாமானியமான காரியமன்று.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம்முடைய முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வருவோம்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில், திருச்செந்தூரைத் தாண்டி, குலசேகரன்பட்டினத்தையும் தாண்டிச் சென்றால், கடலுக்குள் விரல் நீட்டினாற்போல் ஒரு மணல்மேடு எதிர்ப்படும். அந்த ஊரே மணப்பாடு. அதன் உச்சியில், 1581-இல் எழுப்பப்பட்ட திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. அதன் அருகே கலங்கரை விளக்கமும், மேட்டின் கடற்புறச் சரிவில், வேதம் போதிக்க வந்த சவேரியார் தங்கி ஜெபம் செய்ததாகக் கொண்டாடப்படும் குகையும் இருக்கின்றன. ஆலய முற்றத்தில் நின்று பார்த்தால் ஒரு புறம் ஊரும், கருமேனியாறு வந்து தேங்கும் கழியும், வரிசையாகக் கரையேற்றிய படகுகளும் தெரியும். மறு புறம் கடல் ஒன்றே தெரியும். செப்டம்பர் 14-ஆம் தேதி திருச்சிலுவையின் மகிமைப் பெருவிழாவுக்கு ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடும் இந்த மேட்டிலிருந்து தென்கிழக்கே ஒரு நேர்கோடு கிழித்தால், ஏறக்குறைய 250 கிலோமீட்டரில் அது கொழும்பு நகரத்தைத் தொடும். வடகிழக்கே கிழித்தால் நம்முடைய ராஜ்யத்தின் தலைநகரான சென்னையை எட்டுவதற்கு 570 கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். கொழும்பு நமக்குச் சென்னையின் பாதித் தூரத்துக்கும் குறைவு. லண்டனிலிருந்து பாரிஸ் இருப்பதைவிட அருகில் உள்ளது.

பூகோளம் சொல்லும் கணக்கு இவ்வளவுதான். இனிப் பிரயாணத்தின் கணக்கைப் பார்ப்போம். மணப்பாட்டிலுள்ள ஒரு குடும்பத்தார் கொழும்பில் கொட்டாஞ்சேனையிலுள்ள தம் உறவினர் வீட்டுக் கலியாணத்துக்குப் போக நேர்ந்ததென்று வைத்துக்கொள்வோம். இது கற்பித்துச் சொல்லும் சம்பவமென்றாலும், இக்கரையில் நிகழக்கூடாத சம்பவமன்று. விடியுமுன் எழுந்து, பெட்டியைத் தலைமாட்டிலிருந்து எடுத்து, பஸ் ஏறித் திருச்செந்தூர் போகவேண்டும், அங்கிருந்து தூத்துக்குடி, தூத்துக்குடியிலிருந்து மதுரை. மதுரை விமான நிலையத்தை அடைவதற்குள் ஐந்து மணி நேரம் கழிந்துவிடும். வெளிநாட்டுப் பிரயாணமாகையால் மூன்று மணி நேரத்துக்கு முன்பே வந்துவிட வேண்டுமென்று சீட்டிலேயே அச்சடித்திருப்பார்கள். பின்னர் ஒரு மணி நேர விமானப் பிரயாணம். கட்டுநாயக்காவில் இறங்கி, கடவுச்சீட்டில் முத்திரை வாங்கி, பெட்டிக்காகக் காத்திருந்து, அங்கிருந்து கொட்டாஞ்சேனை போய்ச் சேர இன்னுமொரு இரண்டு மணி நேரம். ஆகக் கூடிப் பதினொரு மணி நேரம். இதில் வேடிக்கை என்னவென்றால், தெற்கே தென்கிழக்கே போகவேண்டியவன் முதலில் 160 கிலோமீட்டர் நேர் வடக்கே போகிறான்; பிறகு விமானம் அவனைத் தூக்கிக்கொண்டு, அவன் அதிகாலையில் விட்டுப் புறப்பட்ட அதே மன்னார் வளைகுடாவின் மேலாகவே தெற்கே திரும்பக் கொண்டுவருகிறது. மதுரைக்குப் பதிலாகத் திருவனந்தபுரம் போனாலும் கதை இதேதான். திசை மாத்திரம் மேற்காகும்.

நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே பிரயாணத்துக்கு என்ன நேரம் பிடித்தது? தென்னிந்திய ரயில்வே தூத்துக்குடிக்கு வந்தது 1876-இல். அதன்பின், சென்னையில் ரயிலேறித் தூத்துக்குடியில் இறங்கி, அங்கிருந்து நீராவிக் கப்பலில் கொழும்புக்குப் போவது இலங்கைப் பிரயாணத்தின் ராஜபாட்டையாக விளங்கிற்று. அக்காலத்துத் தூத்துக்குடித் துறை ஆழமற்றதாகையால் பெரிய கப்பல்கள் கரைக்கு வாரா. முயல்தீவுக்கு அப்பால் பல மைல் தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சனங்களைச் சிறு படகுகளில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் சேர்ப்பார்கள். அந்தச் சிரமங்களெல்லாம் இருந்தும், மாலையில் கப்பலேறியவர் ஓரிரவு கடலில் உறங்கி, காலையில் கொழும்புத் துறைமுகத்தில் கண் விழித்தார். துறைமுகத்திலிருந்து கொட்டாஞ்சேனைக்கு நடந்தே போய்விடலாம். 150 கடல் மைல் தூரத்தை நிதானமாக ஓடும் கப்பல் கடப்பதற்குப் பதின்மூன்று பதினான்கு மணி நேரமாகும் என்பது சிறுபிள்ளையும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. ஆகவே நீராவி போய், டீசல் வந்து, அதன்மேல் ஜெட் விமானமும் வந்து, மனிதன் சந்திரனில் கால் வைத்துத் திரும்பிய பின்னரும், மணப்பாட்டானுக்கும் கொழும்புக்கும் இடையே அந்தக் கப்பலோட்ட நேரத்தோடு ஒப்பிட்டால் நாம் மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கும் காலம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேலில்லை. அதையும் அவன் உறங்கிக்கொண்டு கழித்த நேரத்திலிருந்து எடுத்து, பஸ்ஸில் நின்றுகொண்டு கழிக்கும் நேரமாக மாற்றிக் கொடுத்திருக்கிறோம்.

கரையோரத்துப் பழைய மனிதர்களுக்குத் தூரத்தைக் கிலோமீட்டரில் எண்ணும் வழக்கமே இல்லை. காற்றைக் கொண்டே கணக்கு. பாய்த்தோணிகள் ஓடிய காலத்தில், வாடை வீசும் மாதங்களில் கொழும்புக்குப் போவது எளிது, மேல்காற்றாகிய கச்சான் எழுந்துவிட்டால் திரும்புவது எளிது என்பதைத் தோணித் தலைவரான தண்டல் ஒவ்வொருவரும் அறிவார். வெங்காயமும் மிளகாய் வற்றலும் ஓடும் கருவாடும் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து புறப்பட்ட தோணிகள், பாய் கழிந்து மோட்டார் வந்தபின்னும் நெடுங்காலம் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓடிக்கொண்டிருந்தன. இந்தத் தோணிக்காரர்களின் வாழ்வை எழுதிய ஜோ டி குருஸின் ‘கொற்கை’ 2013-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதைப் படித்தவர்களுக்குக் கொழும்பு எப்படி இக்கரையின் எதிர்த்த வீடாக இருந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மணப்பாட்டுத் தெருக்களில் இன்றும் நிமிர்ந்து நிற்கும் மாளிகை போன்ற வீடுகளுள் பல, கடல் கடந்த வாணிகத்தில் ஈட்டிய பொருளால் எழுந்தவையே. இக்கரையிலிருந்து சென்று குடியேறிய பரதவர்களின் சந்ததியார், இலங்கையில் 2001-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட குடிக்கணக்கில் தனி இனத்தவராகவே எழுதப்பட்டிருக்கிறார்கள். ஒல்லாந்தர் காலத்திலோ தூத்துக்குடி கொழும்பிலிருந்த கவர்னரின் அதிகாரத்துக்கு உட்பட்டதாகவே இருந்தது. அந்நிய ஆட்சியை நான் புகழ வரவில்லை. கடலைக் கையாளத் தெரிந்த எவனும் இவ்விரண்டு துறைகளையும் ஒரே முற்றத்தின் இரண்டு மூலைகளாகவே கண்டான் என்பதைச் சொல்லவே இதை எடுத்தேன்.

மணப்பாட்டில் நின்று பேசும்போது சவேரியாரை விட்டுவிட்டுப் பேசுவதற்கில்லை. அவர் லிஸ்பனை விட்டுக் கப்பலேறியது 1541 ஏப்ரல் 7-ஆம் தேதி. கோவாவில் கால் வைத்தது 1542 மே 6-ஆம் தேதி. பதின்மூன்று மாதம், அதில் பல மாதங்கள் காற்றுக்காக மொசாம்பிக்கில் காத்துக் கிடந்த மாதங்கள். அவ்வாண்டின் பிற்பகுதியில் இக்கடற்கரைக்கு வந்த அவர், 1544-இல் எழுதிய கடிதங்களுள் சிலவற்றை மணப்பாட்டிலிருந்தே எழுதினார். இக்காலத்தில் லிஸ்பனிலிருந்து கோவாவுக்கு வழியில் ஓரிடத்தில் விமானம் மாறிக்கொண்டு ஒரே நாளில் வந்துவிடலாம். பதின்மூன்று மாதம் ஒரு நாளாகச் சுருங்கிய உலகத்தில், ஓர் இரவு மாத்திரம் அப்படியே சுருங்காமல் நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் கடலுமன்று, காற்றுமன்று, இயந்திர சாஸ்திரத்தின் இயலாமையுமன்று.

காரணம் நமக்கெல்லாம் தெரிந்ததே. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் இலங்கைப் பிரயாணத்தின் பிரதான வழி தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே மாறிற்று. சுதந்திரம் வந்தபின் கடவுச்சீட்டும் வீசாவும் வந்தன. 1964 டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியைக் கடலோடு சேர்த்தது. 1976-இல் மன்னார் வளைகுடாவின் நடுவே எல்லைக்கோடு கிழிக்கப்பட்டது. 1983-க்குப் பின்னர் மூண்ட யுத்தம் எஞ்சியிருந்த கப்பலையும் நிறுத்திற்று. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் அததற்குரிய நியாயம் இருந்தது. எல்லாம் சேர்ந்தபோது விளைந்த பலனுக்கு மாத்திரம் எவரும் பொறுப்பாளியல்லர். 2009-இல் யுத்தம் முடிந்தது. முடிந்து ஒரு தலைமுறை ஆகப்போகிறது.

இதைப் போன்ற நிலையில் இருந்து மீண்ட வேறு இரண்டு நகரங்கள் உலகத்தில் உண்டா என்று தேடினால், வடக்கு ஐரோப்பாவில் உண்டு. பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கிக்கும் எஸ்தோனியாவின் தலைநகரான டாலினுக்கும் இடையே கிடப்பது 80 கிலோமீட்டர் கடல். இரு கரையாரின் பாஷைகளும் உறவுள்ளவை. ஜனங்களும் பல நூற்றாண்டுகளாகப் போக்குவரத்து உள்ளவர்கள். எஸ்தோனியாவை சோவியத் யூனியன் விழுங்கியபோது அந்தக் கடல் மூடப்பட்டது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1965-இல், ஒரே ஒரு கப்பல் மறுபடி ஓடத் தொடங்கிற்று. அந்நிய நாட்டின் இரும்புக் கதவில் அது ஒரு சிறு துவாரம் மாத்திரமே. 1991-இல் எஸ்தோனியா விடுதலை பெற்றதும் துவாரம் வாசலாயிற்று. இன்று இரண்டு மணி நேரத்தில் கரை சேர்க்கும் பெரிய கப்பல்கள் நாள்தோறும் பல நடை ஓடுகின்றன; ஆண்டுக்குப் பல லட்சம் பேர் போய் வருகிறார்கள். காலையில் ஒரு நகரத்தில் வேலை, வாரக் கடைசியில் மற்றொரு நகரத்தில் குடும்பம் என்று வாழ்பவர்களும் உண்டு. அங்கேயும் விமானம் உண்டு. வானில் இருக்கும் நேரம் அரை மணிதான். ஆயினும் பெருவாரியான ஜனங்கள் கப்பலையே விரும்புகிறார்கள், ஏனெனில் கப்பல் நகரத்தின் மடியில் கொண்டுபோய் இறக்குகிறது.

நம் பக்கத்தில் இப்படியொரு யோசனையைச் சொன்னால் உடனே கிடைக்கும் மறுமொழி, ‘அதைத்தான் செய்து பார்த்தோமே’ என்பது. உண்மைதான். 2011 ஜூன் மாதத்தில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்னும் பெரிய கப்பல் ஒன்று ஆரவாரமாகப் புறப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றுபோயிற்று. ஆள் சேரவில்லை, பணமுடை என்றார்கள். ஆயிரம் பேரை ஏற்றத்தக்க கப்பலை, முப்பது ஆண்டுகளாக ஜனங்கள் மறந்துபோயிருந்த ஒரு தடத்தில் விட்டுவிட்டு, ஐந்து மாதத்துக்குள் அது நிறையவில்லையே என்று கை விரித்தது வியாபார புத்திக்கு அழகன்று. பிரயாண வழக்கம் என்பது அறுந்தால் உடனே முடிச்சுப் போட்டுவிடக்கூடிய கயிறன்று.

இத்தடத்தில் பிரயாணிகளே கிடையாது என்ற வாதத்துக்குச் சரித்திரம் ஒரு பதில் வைத்திருக்கிறது. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவி, ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்களைக் கொண்டுவந்து விட்டது எந்தத் தடத்தில்? இதே தூத்துக்குடி–கொழும்புத் தடத்தில்தான். ஏற்கெனவே அங்கே ஏகபோகமாக ஓடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி, சுதேசிக் கப்பலை மூழ்கடிக்கும் பொருட்டுக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் இனாமாகவே ஏற்றிக்கொண்டு போவதாகவும் அதன்மேல் ஒரு குடையும் தருவதாகவும் ஆசை காட்டிற்றென்று நம் பள்ளிப் பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். ஒரு தடத்துக்காக ஒரு சாம்ராஜ்யத்தின் கப்பல் கம்பெனி குடை கொடுக்க இறங்கி வந்ததென்றால், அத்தடத்தில் போகிறவர்கள் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும்! நாம் வ.உ.சி.க்குச் சிலை வைத்திருக்கிறோம், துறைமுகத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறோம். அவர் எந்தக் கப்பலை ஓட்டினாரோ அந்தக் கப்பல் போன ஊருக்கு அந்தத் துறைமுகத்திலிருந்து இன்று ஒரு பிரயாணியும் போக முடியாது.

பிரயாணிகள் மாத்திரமே போக முடியாது என்று திருத்திக்கொள்வது நலம். பீடி இலையும் மஞ்சளும் போகின்றன. இலங்கை அரசாங்கம் மஞ்சள் இறக்குமதிக்குத் தடை விதித்தபின், இக்கரையிலிருந்து எதிர்க்கரைக்குப் படகுகளில் கடத்திச் செல்லப்பட்ட மூட்டைகளைக் கடலோரக் காவல் படையினரும் சுங்கத்தாரும் பிடித்த செய்திகள் நாளிதழ்களின் தூத்துக்குடிப் பதிப்பில் வாரந்தவறாமல் வந்துகொண்டிருந்தன. கள்ளக்கடத்தலை நான் ஆதரிக்கிறேனென்று ஒருவரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். ஆனால் மன்னார் வளைகுடாவைக் கடக்கும் நேர்வழியைச் சட்டத்தை மீறுகிறவன் மாத்திரமே உபயோகிக்கிறான், சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் மதுரையைச் சுற்றிக்கொண்டு போகிறான் என்ற நிலைமையில் ஏதோ ஒரு கோணல் இருக்கிறதென்று சொல்வதற்குப் பெரிய பாண்டித்தியம் தேவையில்லை.

நேர்வழியின் அருமை அரசாங்கத்துக்குத் தெரியாததன்று என்பதற்கும் இதே கரையில், மணப்பாட்டுக்கு அடுத்த ஊரிலேயே, பிரத்தியட்சமான சாட்சி எழுந்துகொண்டிருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவங்களின் மேலாகச் சுற்றும் பாதையில் செயற்கைக்கோளை ஏவ வேண்டுமானால் ராக்கெட்டை நேர் தெற்கே விடலாகாது. வழியில் இலங்கை கிடக்கிறது. கழன்று விழும் பாகங்கள் அந்நாட்டின் தலைமேல் விழலாம். ஆகையால் முதலில் தென்கிழக்கே செலுத்தி, பிறகு நடுவானில் திருப்பவேண்டியிருக்கிறது. இந்தத் திருப்பத்தில் எரிபொருள் விரயமாகிறது. தூக்கிச் செல்லக்கூடிய சுமை குறைகிறது. சிறு ராக்கெட்டுகளுக்கு இந்த நஷ்டம் மிகவும் அதிகம். குலசேகரன்பட்டினத்திலிருந்து விட்டாலோ நேர் தெற்கே தடையில்லாத சமுத்திரம். இதற்காகவே 2,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்து, 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி நாட்டின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இந்தக் காரியம் மிகச் சரியானது. ஏவும் நாட்களில் தங்கள் தொழில் என்னவாகும் என்று இப்பகுதி மீனவர்கள் கேட்கும் கேள்விக்குத் திருப்தியான விடை கிடைக்க வேண்டுமென்பதைத் தவிர எனக்கு இதில் வேறு ஆட்சேபமில்லை. ஆனால் சில நிமிஷங்கள் மாத்திரமே பறக்கும் ஓர் இயந்திரம் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போவதால் உண்டாகும் நஷ்டத்தைத் தசம ஸ்தானம் வரை கணக்குப் போட்ட அதே ஆட்சி, இலங்கைக்கே போகவேண்டிய மனிதர்கள் ஆண்டு முழுவதும் சுற்றிக்கொண்டு போவதால் உண்டாகும் நஷ்டத்தை ஒரு காகிதத்திலாவது கணக்குப் போட்டிருக்குமா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

அந்தக் கணக்கைப் போடுவதற்கு ஏற்ற சமயமும் இதுவே. தூத்துக்குடிக்கு மேற்கே வாகைக்குளத்தில் 1992-இல் தொடங்கிய விமான நிலையம் நெடுங்காலம் ஒரு சிறு கட்டடமாகவும், 1,350 மீட்டர் ஓடுபாதையாகவும் இருந்தது; சென்னையிலிருந்து விசிறி வைத்த சிறு விமானங்கள் ஒன்றரை மணி நேரத்தில் வந்து இறங்கித் திரும்பும். 2025 ஜூலை 26-ஆம் தேதி அங்கே ஏறக்குறைய 450 கோடி ரூபாய்ச் செலவில் கட்டிய புதிய முனையம் திறக்கப்பட்டது. ஓடுபாதையும் 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. பெரிய விமானங்கள் தாராளமாக இறங்கலாம். ஆண்டுக்கு இருபது லட்சம் பேர் வந்து போவதற்கு இடமிருக்கிறது. இவ்வளவு நீளமான பாதையைப் போட்டபின் அதில் எங்கே போவது என்று எல்லோரும் யோசிக்கிறார்கள். டெல்லி என்கிறார்கள், மும்பை என்கிறார்கள், சிங்கப்பூர் துபாய் என்றும் ஆசைப்படுகிறார்கள். தூரத்து ஊர்களின் மேல் உள்ள மோகம் மனித சுபாவம். அவையெல்லாம் வரட்டும். என் அபிப்பிராயத்தில், வாகைக்குளத்திலிருந்து வெளிநாட்டுக்குப் புறப்படும் முதல் விமானம் கொழும்புக்குப் போகவேண்டும். அதற்கு நீண்ட ஓடுபாதைகூட வேண்டாம். பழைய சிறு விமானமே போதும். வாகைக்குளத்திலிருந்து கட்டுநாயக்காவுக்கு 300 கிலோமீட்டருக்கும் குறைவு; ஐம்பது நிமிஷ ஓட்டம். மணப்பாட்டிலிருந்து வாகைக்குளத்துக்கு இரண்டு மணி நேரமும், சோதனைகளுக்கு இரண்டு மணி நேரமும், அக்கரையில் இரண்டு மணி நேரமும் கூட்டினாலும் ஏழு மணி நேரத்துக்குள் அடங்கும். பதினொன்று ஏழாகும்.

இதற்குத் தடையாக நிற்பது வானமன்று. குடிநுழைவு அதிகாரிகள் இருவரும், சுங்க அதிகாரிகள் இருவரும் உட்கார ஒரு மேஜை இல்லாததே. அந்த மேஜையைப் போடுவதற்கு டெல்லியில் இரண்டு மூன்று இலாகாக்கள் சம்மதிக்க வேண்டும். சம்மதிப்பார்களா என்று சந்தேகப்படுவோருக்கு வடக்கே நடந்ததைச் சுட்டிக்காட்டலாம். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் 2019-இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டுச் சென்னையிலிருந்து விமானம் போயிற்று, இடையில் நின்றது, மறுபடி ஓடிற்று, 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு விமானம் தொடங்கிற்று. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் ஓடுகிறது. பாக் நீரிணையின் குறுக்கே அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டத் தொடங்கிவிட்டோம். மன்னார் வளைகுடாவின் குறுக்கே மாத்திரம் ஏன் தயக்கம்? இப்பக்கத்து ஜனங்கள் கூச்சல் போடத் தெரியாதவர்கள் என்பது காரணமாக இருக்குமானால், அது நல்ல காரணமன்று.

கப்பலையும் நான் மறந்துவிடவில்லை. விமானம் அவசரக்காரனுக்கு. கலியாணத்துக்குச் சீர் கொண்டுபோகும் குடும்பத்துக்கும், கொச்சிக்கடை அந்தோணியார் கோயிலுக்கு வேண்டுதல் வைத்துப் போகும் கிழவிக்கும், நாலு மூட்டையோடு போகும் சிறு வியாபாரிக்கும் கப்பலே சௌகரியம். மணப்பாட்டுப் பனையோலைப் பெட்டியும் உடன்குடிக் கருப்பட்டியும் விமானத்தின் எடைக்கணக்குக்குள் அடங்கும் பண்டங்களல்ல. ஆனால் இம்முறை ஆயிரம் பேர் கப்பல் வேண்டாம். நாகப்பட்டினத்தில் விட்டிருக்கும் ‘சிவகங்கை’யைப் போல் 150 பேர் ஏறும் கப்பல் ஒன்றை, கடலின் தன்மைக்கு ஏற்பச் சற்றுப் பெரிதாகவே வைத்துக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு நடை விட்டால் போதும், ஐந்தாறு ஆண்டுகளுக்கு நஷ்டத்தை அரசாங்கம் தாங்கவேண்டும். மலைக்கிராமத்துக்கு நஷ்டத்தில் பஸ் விடுகிற அரசாங்கத்துக்கு இது புதிய தர்மமன்று.

இன்னொரு விஷயத்தையும் இத்துடன் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் இதைக் கேட்காமல் தொடங்கியதால்தான் முன்னைய முயற்சிகள் இரண்டும் தொடக்கத்திலேயே தடுக்கிவிழுந்தன என்பது என் எண்ணம். 2011-இல் தூத்துக்குடிக் கப்பலை விட்டது ஜூன் மாதத்தில். கச்சான் முழு மூச்சாக அடித்து வளைகுடா கொந்தளிக்கும் பருவம் அது. 2023-இல் நாகப்பட்டினத்துக் கப்பலை விட்டது அக்டோபர் 14-ஆம் தேதி. வடகிழக்குப் பருவமழை வாசலில் வந்து நின்ற சமயம். சில நாட்களிலேயே கப்பலைக் கட்டிப்போட வேண்டியதாயிற்று, மறுபடி ஓடுவதற்கு 2024 ஆகஸ்ட் வரை ஆயிற்று. அமைச்சர்கள் வருவதற்கும் கொடி அசைப்பதற்கும் சௌகரியமான தேதியைப் பார்த்தார்களேயொழிய, கடலுக்குச் சௌகரியமான தேதி எது என்று கரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரையாவது கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். 1961-இல் தூத்துக்குடியில் கடைசி முறையாக முத்துக் குளித்த வரையில், குளிப்புக்கு நாள் குறித்ததெல்லாம் மாசி பங்குனியை ஒட்டியே. வாடையின் வேகம் தணிந்து, கச்சான் இன்னும் எழாமல், கடல் தட்டுப்போலக் கிடக்கும் பருவம் அது. கப்பல் விடுவதானால் தை பிறந்தபின் முதல் நடையை விடட்டும். சித்திரை முடிவதற்குள் மூன்று மாதம் அலையில்லாமல் ஓடிவிட்டால், போய்வந்தவர்கள் ஊருக்கு ஊர் சொல்லி அடுத்த ஆண்டுக்கு ஆள் சேர்த்துவிடுவார்கள். ஆனியில் கச்சான் எழும்போது கப்பலை இரண்டு மாதம் துறையில் கட்டிவைத்து வர்ணம் அடித்துக்கொண்டிருக்கலாம், அதற்குள் விமானம் பார்த்துக்கொள்ளும்.